எச்சில் சொல்வதும் இரத்தம் சொல்வதும்: ஓடும் குதிரையின் உடல்நிலையை அறிவது எப்படி?



உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்த் துண்டைப் பார்த்தால் மனிதர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். சோற்றுத் தட்டின் சத்தம் கேட்டாலே நாய்க்கும் ஊறும். ஆனால் குதிரைக்கு ஊறாது. பசும்புல்லைக் கண்ணெதிரே காட்டினாலும், ஓட்ஸ் நிறைந்த வாளியை மூக்கருகில் கொண்டுபோய் வைத்தாலும் அதன் வாய் ஏறக்குறைய அப்படியே இருக்கும். காதுக்குக் கீழே இருக்கும் பெரிய எச்சில் சுரப்பிகள் தாடை அசைந்து மெல்லத் தொடங்கிய பிறகுதான் திறந்துகொள்ளும். மெல்லுவது நின்றால் சுரப்பும் நின்றுவிடும்.

எச்சிலுக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். தொடர்பு நிறையவே இருக்கிறது. ஒரு குதிரை ஓடத் தகுதியாக இருக்கிறதா, அல்லது வெளியில் மினுமினுப்பாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் களைத்துப் போயிருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க இரத்தத்தையும் எச்சிலையும் சோதிக்கும் முறைகள் வளர்ந்துகொண்டே வருகின்றன. இரத்தத்துக்கு ஊசி வேண்டும். எச்சிலுக்கு ஒரு பஞ்சுத் துண்டு போதும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. அது எந்த அளவுக்கு உண்மை என்பதே இன்றைய பேச்சு.

ஓட்டப்பந்தய வீரர் ஒருவர் காலையில் எழுந்ததும் பயிற்றுநரிடம், "சார், இன்னைக்குக் காலெல்லாம் கனக்குது, தூக்கமும் சரியில்ல" என்று சொல்லிவிடுவார். குதிரை சொல்லாது. காட்டில் வாழ்ந்த காலத்தில் வலியை வெளியே காட்டிய குதிரையை ஓநாய் முதலில் குறிவைத்தது. அதனால் மறைக்கும் குணம் அதன் இரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. முதுகில் ஏறியவர் ஓடச் சொன்னால் முடியாத நேரத்திலும் ஓடும். அரை டன் எடையுள்ள உயிர் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது கால் பிசகினால் அதற்கு மட்டுமா ஆபத்து? மேலே குந்தியிருக்கும் ஜாக்கிக்கும், பின்னால் நெருக்கமாக ஓடிவரும் குதிரைகளுக்கும் அவற்றின் ஜாக்கிகளுக்கும் அதே கதிதான். "இந்தக் குதிரை தயாரா?" என்ற கேள்வி வெறும் வெற்றி தோல்விக் கணக்கு அல்ல.

முதலில் இதயம். ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30 முதல் 40 தடவைதான் துடிக்கும். மனிதனைவிட மெதுவாக. அதே இதயம் முழு ஓட்டத்தில் 220ஐத் தாண்டும். ஆறு மடங்கு வேகத்தில் அடிக்கும் இந்த இயந்திரம் மனிதனுக்கு இல்லை. ஆஸ்திரேலியர்கள் கொண்டாடிய ஃபார் லாப் என்ற குதிரை 1932இல் இறந்தபோது அதன் இதயம் ஆறு கிலோவுக்கும் மேல் இருந்தது. இன்றும் கான்பராவில் உள்ள தேசிய அரும்பொருளகத்தில் அதைப் பார்க்கலாம். சாதாரணப் பந்தயக் குதிரையின் இதயம் நான்கு கிலோ சுமார்தான். ஆனால் உயிரோடு இருக்கும் குதிரையின் இதயத்தைத் தராசில் வைக்க முடியாதே! அதனால் துடிப்பைத்தான் எண்ண வேண்டும். 200 துடிப்பை எட்டும்போது குதிரை எவ்வளவு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். பயிற்சி ஏற ஏற, அதே 200 துடிப்பில் குதிரை இன்னும் வேகமாக ஓடும்.

அடுத்து இரத்தம். இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது.

மனித விளையாட்டாளரின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று பார்த்தால் அவர் எவ்வளவு உயிர்வாயுவைச் சுமக்க முடியும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். குதிரையிடமும் அதையே செய்யலாமே என்று பல காலம் செய்தார்கள். காலையில் ஊசி குத்தி, இரத்தம் எடுத்து, சிவப்பணு விகிதம் 38 என்றால் ஒரு கருத்து, 44 என்றால் வேறு கருத்து. பயிற்றுநர்கள் இந்த எண்ணை வைத்தே குதிரையைப் பந்தயத்துக்கு அனுப்பினார்கள், நிறுத்தினார்கள்.

ஆனால் குதிரை தன் சிவப்பணுக்களில் பெரும் பங்கை மண்ணீரலில் சேமித்து வைத்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு, சில வேளைகளில் அதற்கும் மேல். ஆபத்து என்று உடல் நினைத்த மாத்திரத்தில் மண்ணீரல் சுருங்கி, அந்தச் சேமிப்பு முழுவதையும் இரத்த ஓட்டத்தில் கொட்டிவிடும். ஓய்வில் 35, 40 சதவீதமாக இருந்த சிவப்பணு விகிதம் முழு ஓட்டத்தில் 60ஐத் தாண்டும். குதிரை இத்தனை வேகமாக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். உலகத் தரம் வாய்ந்த மனித ஓட்டக்காரர் ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 80, 90 மில்லிலிட்டர் உயிர்வாயுவைப் பயன்படுத்தினால், நல்ல தொரோபிரட் குதிரை ஏறக்குறைய அதன் இரு மடங்கைப் பயன்படுத்தும்.

சிக்கல் என்னவென்றால், மண்ணீரலுக்கு ஓட்டம் எது, ஊசி எது என்று தெரியாது. வெள்ளைச் சட்டைக்காரர் லாயத்துக்குள் நுழைவதைப் பார்த்து மிரண்டாலே போதும். ஒன்றிரண்டு நிமிடத்தில் எண் எகிறிவிடும். நேற்று 38, இன்று 45 என்றால் குதிரை தேறியிருக்கிறது என்று பொருளா, அல்லது பக்கத்து லாயத்தில் யாரோ வாளியைக் கீழே போட்டார்கள் என்று பொருளா? அளக்கப் போகிறவரே அளவை மாற்றிவிடுகிறார்.

இந்தக் குழப்பத்துக்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் சுவீடன் நாட்டுக் கால்நடை மருத்துவ ஆய்வாளர் சூனெ பெர்சன். 1960களில் குதிரைகளைப் பெரிய ட்ரெட்மில்லில் ஓடவிட்டு அவர் ஆராய்ந்தார். ஓய்வில் இருக்கும் குதிரையின் எண்ணை நம்பாதே, மண்ணீரல் முழுவதும் காலியான பிறகு உடலில் மொத்தம் எவ்வளவு சிவப்பணு இருக்கிறது என்று பார் என்பது அவர் ஆய்வின் சாரம். உடற்பயிற்சிக் கூடத்தில் மனிதர்கள் ஓடும் ட்ரெட்மில்லைப் பார்த்திருப்பீர்கள். அதை அரை டன் உயிர் ஏறி ஓடும் அளவுக்குப் பெரிதாக்கிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பின்னாளில் பல நாடுகளின் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகங்களில் அப்படிப்பட்ட ட்ரெட்மில்கள் வந்துவிட்டன.

இன்று இரத்தத்தில் அதிகம் தேடப்படுவது லாக்டேட். பள்ளியில் லாக்டிக் அமிலம் என்று படித்திருப்போம். தசை வேகமாக வேலை செய்து, உயிர்வாயுவைக் கொண்டு மட்டும் சக்தி தயாரிக்க முடியாத நிலை வரும்போது லாக்டேட் குவியத் தொடங்கும். முன்பு இதைக் கழிவு, நஞ்சு என்றே சொன்னார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. இதயமும் மற்றத் தசைகளும் அதையே எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. ஆனாலும் அது குவியும் வேகம் குதிரையின் தகுதியைக் காட்டும் நல்ல அடையாளம்.

சோதனை இப்படி நடக்கும். குதிரையை மெதுவாக ஓடவிட்டு இரத்தம் எடுப்பார்கள். கொஞ்சம் வேகம் கூட்டி மறுபடியும் எடுப்பார்கள். இப்படி மூன்று, நான்கு படிகள். ஓய்வில் லிட்டருக்கு 1 மில்லிமோலுக்குள் இருக்கும் லாக்டேட், வேகம் ஏறும்போது முதலில் சாதுவாக இருந்து, பிறகு திடீரென்று மேலே தாவும். 4 மில்லிமோலைத் தொடும் வேகத்தைக் குறித்துக்கொள்வார்கள். கடுமையான பந்தயம் முடிந்த குதிரையிடம் இந்த எண் 20க்கும் மேல் போகும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு குதிரை பிப்ரவரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திலேயே 4 மில்லிமோலைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். இரண்டு மாதப் பயிற்சிக்குப் பிறகு 34 கிலோமீட்டரில்தான் தொடுகிறது என்றால் பயிற்சி வேலை செய்கிறது. மே மாதத்தில் மறுபடியும் 31க்கு இறங்கிவிட்டதா? அங்கேதான் பயிற்றுநர் நின்று யோசிக்க வேண்டும். சளியா, காலில் வலியா, பயிற்சி மிஞ்சிப்போனதா? எண் காரணத்தைச் சொல்லாது. கதவைத் தட்டிவிட்டுப் போய்விடும்.

விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துச் சோதிக்கும் சர்க்கரைக் கருவியைப் போல லாக்டேட்டுக்கும் கைக்கருவிகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் மனித விளையாட்டாளர்களுக்காகச் செய்யப்பட்டவை. குதிரையின் இரத்தம் ஓட்டத்துக்குப் பிறகு கெட்டியாகிவிடுவதாலும், அதன் சிவப்பணுக்கள் லாக்டேட்டை உள்ளே இழுத்துக்கொள்வதாலும் கைக்கருவி காட்டுவதும் ஆய்வுக்கூடம் காட்டுவதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதானால் ஃபுளோரைடு கலந்த குழாயில் எடுக்க வேண்டும். இல்லையென்றால் குழாய்க்குள்ளேயே அணுக்கள் தொடர்ந்து லாக்டேட்டைச் செய்துகொண்டிருக்கும். ஒரே கருவி, ஒரே முறை, ஓடி முடித்து அதே நிமிடம். இந்த ஒழுங்கு இல்லாமல் எடுத்த எண்ணைவிட எடுக்காமல் விட்ட எண்ணே மேல்.

தசை சேதத்தைக் காட்டும் நொதிகளும் இரத்தத்தில்தான். தசை நார் கிழிந்தால் அதற்குள் இருக்கும் நொதிகள் இரத்தத்தில் கசியும். சி.கே. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கிரியேட்டின் கைனேஸ் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய்ச் சீக்கிரம் இறங்கிவிடும். ஏ.எஸ்.டி. என்ற இன்னொன்று ஒரு நாள் கழித்து உச்சம் தொட்டு வாரக்கணக்கில் நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கடிகாரம் கிடைக்கிறது. முதலாவது உயர்ந்து இரண்டாவது சாதாரணமாக இருந்தால் காயம் புதிது. முதலாவது இறங்கி இரண்டாவது மட்டும் உயர்ந்திருந்தால் சில நாளாகிவிட்டது, யாரோ சொல்லாமல் மறைத்திருக்கிறார்கள் அல்லது கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள்!

இந்த நோய்க்கு ஆங்கிலேயர்கள் வைத்த பழைய பெயர் திங்கட்கிழமைக் காலை நோய். வாரம் முழுதும் வண்டி இழுத்த குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. ஆனால் தீனி மட்டும் வழக்கம்போல் முழுத் தீனி. திங்கட்கிழமை வேலைக்குக் கிளப்பினால் பின்னங்கால்களும் இடுப்பும் கட்டைபோல் இறுகி, வியர்த்துக் கொட்டி, நகர முடியாமல் நின்றுவிடும். கடுமையானால் சிறுநீர் காப்பி நிறத்துக்கு மாறும், சிறுநீரகம் பாதிக்கப்படும். அப்போது சி.கே. அளவு ஆயிரக்கணக்கில், பத்தாயிரக்கணக்கில் போகும்.

இனி எச்சிலுக்கு வருவோம்.

பந்தய உலகம் எச்சிலைத் தேடிப் போனது உடல்தகுதியை அறிய அல்ல, திருட்டைப் பிடிக்க. 1910 வாக்கில் ஆஸ்திரியாவில் குதிரைகளுக்கு ஊக்கமருந்து கொடுக்கிறார்கள் என்ற புகார் முற்றியபோது, எச்சிலில் மருந்தைக் கண்டுபிடிக்கும் முறையை வியன்னா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜிக்முண்ட் பிரெங்கல் உருவாக்கினார். 1930களில் அமெரிக்கப் பந்தயத் திடல்களுக்கும் எச்சில் சோதனை வந்தது. ஓடி முடித்த குதிரையைச் சோதிக்கக் கொண்டுபோகும் கொட்டகைக்கு அங்கே எச்சில் பெட்டி என்றே பெயர் விழுந்தது. பின்னர் சிறுநீரும் இரத்தமும் அந்த இடத்தைப் பிடித்தன. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இப்போது எச்சில் வேறு வழியில் திரும்பி வந்திருக்கிறது. அதில் முதலாவதாகத் தேடுவது கார்ட்டிசோல். உடல் நெருக்கடியில் இருக்கும்போது சுரக்கும் ஹார்மோன் அது. இரத்தத்தில் ஓடும் கார்ட்டிசோலில் பெரும்பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டாமல் சுதந்திரமாக இருக்கும் சிறு பகுதிதான் உடலில் வேலை செய்யும். எச்சிலுக்குள் கசிந்து வருவது அந்தச் சிறு பகுதியே. ஆகவே எச்சிலில் பார்ப்பது சில வகையில் இரத்தத்தில் பார்ப்பதைவிட நேரானது. முக்கியமாக, ஊசி இல்லை. ஊசிக்கு மிரளும் குதிரையிடம் நெருக்கடி ஹார்மோனை ஊசியால் அளப்பது, தூங்குகிறாயா என்று தட்டி எழுப்பிக் கேட்பது மாதிரி. லாரியில் நீண்ட தூரம் ஏற்றிச் செல்லும்போதும், இளம் குதிரையை முதன்முதலாகச் சேணம் பூட்டிப் பழக்கும்போதும் அது எவ்வளவு பதறுகிறது என்பதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் இப்படி எச்சிலைக் கொண்டு அளந்திருக்கிறார்கள்.

செய்முறை எளிது. இடுக்கியில் பஞ்சுச் சுருளைப் பிடித்து, பல்லில்லாத வாயோரம் வழியாக நாக்குக்கு அருகே வைத்து, நனையும்வரை ஒரு நிமிடம்போல் காத்திருக்க வேண்டும். குதிரை அதை மெல்லப் பார்க்கும். மெல்லட்டும், அப்போதுதானே எச்சில் சுரக்கும்! பிறகு பஞ்சைக் குழாயில் போட்டுச் சுழற்றினால் எச்சில் தனியே வடியும்.

இத்தனையும் சரி. ஆனால் புல் தின்ற வாயில் புல்சாறு இருக்கும். தண்ணீர் குடித்த வாயில் எச்சில் நீர்த்திருக்கும். கடிவாள இரும்பு உரசி ஈறில் சின்னப் புண் இருந்தாலும் இரத்தம் கலந்து கணக்கு கெட்டுவிடும். காலையில் கார்ட்டிசோல் இயல்பாகவே அதிகம், மாலையில் குறைவு. ஆகவே நேற்றுக் காலை எடுத்ததை இன்று மாலை எடுத்ததோடு ஒப்பிடுவது வீண் வேலை. இரத்தத்தில் ஏறியது எச்சிலில் தெரிவதற்குச் சற்று நேரம் பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கார்ட்டிசோல் உயர்ந்தால் குதிரை நெருக்கடியில் இருக்கிறது என்று மட்டும் தெரியும். ஓட்டத்தால் வந்ததா, பயத்தால் வந்ததா, பக்கத்தில் நின்ற தோழனைப் பிரித்ததால் வந்ததா? அது தெரியாது. மனிதர்களிடம் அதிகம் ஆராயப்படும் அமைலேஸ் என்ற எச்சில் நொதியும் குதிரையிடம் மிகக் குறைவு. லாக்டேட்டை எச்சிலில் பார்க்கும் முயற்சியும் நடந்தது. ஆனாலும் லாயங்களில் இரத்தத்தின் இடத்தை அது பிடித்துவிடவில்லை. ஆக, எச்சிலைக் கொண்டு குதிரையின் மனநிலையை ஓரளவு கேட்கலாம். கால்களின் பலத்தைக் கேட்க இன்னும் இரத்தம்தான் வேண்டும். ஒரே பஞ்சுத் துண்டில் எல்லாம் தெரியும் என்று யாராவது சோதனைப் பெட்டி விற்க வந்தால், வாங்குவதற்கு முன் ஒரு கால்நடை மருத்துவரைக் கேட்பது நல்லது.

நம் வட்டாரத்துக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இங்கே ஓடும் பந்தயக் குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளிலிருந்து வருபவை. தசை எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. அந்த வெப்பத்தைப் போக்கக் குதிரை மணிக்குப் பத்து லிட்டருக்கும் மேல் வியர்க்கும். ஆனால் நம் ஊரின் ஈரக் காற்றில் வியர்வை காய்வதில்லை, ஒழுகித்தான் போகிறது. இதைவிட மோசம், சில குதிரைகள் இந்தச் சீதோஷ்ணத்துக்கு வந்த பிறகு வியர்ப்பதையே நிறுத்திவிடும். ஆங்கிலேயர்கள் தங்கள் குதிரைகளை வெப்ப நாடுகளுக்குக் கொண்டுபோன காலத்திலேயே இதைக் கவனித்து உலர்தோல் என்று பெயரிட்டார்கள். தோல் காய்ந்து கிடக்கும். மூச்சு மட்டும் வாங்கும். குளிர்நாட்டில் எடுத்த லாக்டேட் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் குதிரையை ஓட்டினால் என்னவாகும்?

2008இல் திரங்கானுவில் உலக நெடுந்தூரக் குதிரைச் சவாரிப் போட்டி நடந்தது நேயர்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். 160 கிலோமீட்டர் தூரம். பல கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் மருத்துவர் நிற்பார். அந்த இடத்தில் பெரிய ஆய்வுக்கூடம் கிடையாது. குறித்த நேரத்துக்குள் இதயத்துடிப்பு 64க்கு இறங்க வேண்டும். ஈறை விரலால் அழுத்தி விட்டால் நிறம் எத்தனை நொடியில் திரும்புகிறது, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் எவ்வளவு வேகமாகப் படிகிறது, வயிற்றில் குடல் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார்கள். சுமார் 40 மீட்டர் ஓடித் திரும்பச் சொல்லி, ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் துடிப்பை எண்ணும் வழக்கமும் உண்டு. முதல் எண்ணைவிட இரண்டாவது எண் கூடினால் மருத்துவரின் புருவம் உயரும். இறங்காத குதிரை அங்கேயே நிறுத்தப்படும். சவாரி செய்தவர் எந்த நாட்டவராக இருந்தாலும் சரி.

சிங்கப்பூர் கிராஞ்சித் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் நாள் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 1842இல் தொடங்கிய கழகத்தின் வரலாறு அதோடு ஒரு முடிவுக்கு வந்தது. பந்தயம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். சவாரிக் கழகங்களிலும், போலோ திடல்களிலும், காவல் துறையிலும் குதிரைகள் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. வேலை வாங்கும் இடத்தில் எல்லாம் இந்தக் கேள்வியும் இருக்கிறது. பந்தயச் சீட்டு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த எண்கள் ஒரு குதிரையை அதன் பழைய நிலையோடு ஒப்பிடத்தான் உதவும். எது முதலில் வரும் என்று சொல்லாது. வீட்டுக் காசைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கடைசியாக, லாயத்தில் ஒரு காலைப் பொழுது. சனிக்கிழமை பந்தயம், இன்று வியாழன். ஐந்து மணிக்கு லாயக்காரர் விளக்கைப் போடுகிறார். தலைமுறை தலைமுறையாக இந்த வேலையில் நம்மவர்களும் மலாய்க்காரர்களும் இருந்திருக்கிறார்கள். தீனித் தொட்டியில் கால்வாசி ஓட்ஸ் அப்படியே கிடக்கிறது. "ஐயா, ராத்திரி சரியா சாப்பிடல" என்கிறார். பயிற்றுநர் வந்து பார்க்கிறார். கண் தெளிவாக இருக்கிறது, துடிப்பு 44, வழக்கத்தைவிட எட்டு கூடுதல். நடக்கவிட்டால் நொண்டவில்லை. முதலாளி வெள்ளிக்கிழமை விருந்தினர்களோடு வரப்போகிறார், பத்திரிகையில் குதிரையின் பெயரும் வந்தாகிவிட்டது. மருத்துவரைக் கூப்பிடுகிறார்கள். குதிரையைப் பத்து நிமிடம் தனியே அமைதியாக விட்டு, எச்சில் பஞ்சு முதலில், ஊசி பிறகு என்று அவர் எடுத்துக்கொள்கிறார். எச்சில் முடிவு வரச் சில நாளாகும். அது சனிக்கிழமைக்கு உதவாது. இரத்தம் மட்டும் பிற்பகலில் வருகிறது. சி.கே. சாதாரணம். ஏ.எஸ்.டி. போன மாதத்தைப்போல் இரண்டரை மடங்கு. அதாவது திங்களோ செவ்வாயோ தசையில் ஏதோ நடந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை.

பயிற்றுநர் கைப்பேசியை எடுத்து முதலாளிக்குப் பேசுகிறார். குதிரை சனிக்கிழமை ஓடாது என்கிறார். லாயக்காரர் தொட்டியைக் கழுவி, ஓட்ஸைக் குறைத்து, உலர்ந்த புல்லை அதிகமாக வைக்கிறார். குதிரை தலையைக் குனிந்து மெல்லத் தொடங்குகிறது.